கயிற்றில் இல்லாத குறி

“உங்க வீட்டுக்காரர் கயித்தை யாருங்க பிடிப்பாங்க?”

திருமாறன் இப்படிக் கேட்டபோது சலேத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், மனிதர் கோயம்புத்தூர்ப் பக்கம். கடல் காற்றாலை நிறுவனத்துக்கு மேற்பார்வையாளராக வந்து இறங்கிய புதிது. தூத்துக்குடிக் கரையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? புருஷன் தண்ணீருக்குள் இறங்கினால் மேலே கயிறு பிடித்து நிற்கிறவன் பெண்சாதியின் கூடப் பிறந்தவன்தான். கூட்டாளி அசந்து தூங்கிவிடலாம். சொந்த அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் இருக்கலாம். தன் அக்காள் தாலியைத் தன் கையாலேயே நழுவவிடுகிற தம்பி எங்கே இருக்கிறான்? கல்யாணத்தன்று கோயில் வாசலில் மாப்பிள்ளை ஒரு புதுக் கயிற்றின் நுனியை மச்சினன் கையில் கொடுப்பான். அதன் பிறகுதான் பந்தியே போடுவார்கள்.

“என் தம்பி தொம்மை இருக்கான் சார்” என்றாள் சலேத். “வேற யாரு பிடிப்பா?”

திருமாறனுக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போனது. மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்துக்கும் பிடித்துப்போனது. அடுத்த மாதமே அது நிறுவனத்தின் விதியாகிவிட்டது.

கடலுக்குள் நட்டிருந்த காற்றாலைத் தூண்களின் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டும், துரு ஏறும், ஆணி தளரும். முதலில் இயந்திர நண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். அவை சிப்பியோடு சேர்த்து மின்கம்பியின் உறையையும் சுரண்டிவிட்டு வந்தன. கடைசியில் மனிதனைத்தான் இறக்க வேண்டியிருந்தது. மனிதனை இறக்குவதில் ஒரே தொல்லை, அவனை மேலே கொண்டுவருவது.

வேலைக்குச் சேர்ந்த அன்று படகுத்துறைக் கொட்டகையில் எல்லோரையும் உட்கார வைத்துத் திருமாறன் விளக்கினார். சலேத் முன்வரிசையில் இருந்தாள். படகில் திட்டமேசை அவளுடையது. யார் எத்தனை ஆழம் போவது, எவ்வளவு நேரம் இருப்பது, வரும் வழியில் எங்கெங்கே நின்று வருவது என்பதையெல்லாம் மேசைத் திரையில் கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை.

“ஆழத்துல மூச்சு விடும்போது காத்துல இருக்கற நைட்ரஜன் உடம்புக்குள்ள கரைஞ்சு போயிரும். நின்னு நின்னு மெதுவா வந்தீங்கன்னா மூச்சு வழியாவே வெளிய போயிரும். அவசரப்பட்டு வந்தீங்கன்னா, சோடா புட்டியத் திறந்த மாதிரி உள்ளயே நுரைச்சுக்கும்.”

“ஒரு ஏப்பம் விட்டாப் போதாதா சார்?” என்றான் இன்னாசி, சலேத்தின் புருஷன். கொட்டகையே சிரித்தது.

“முதுகுத்தண்டுல நுரைச்சா எந்தப் பக்கமா ஏப்பம் விடுவீங்க?” என்றார் திருமாறன். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த நோய்க்கு முடக்கு என்று பெயர் வைத்திருந்த ஊர் அது. சலேத்தின் அப்பா கள்ளத்தனமாகச் சங்குக்குப் போய், காத்திருக்காமல் திரும்பத் திரும்ப மூழ்கி, இடுப்புக்குக் கீழே உயிரில்லாமல் ஆறு வருஷம் பாயில் கிடந்து செத்தவர்.

“ஒரு தடவை போயிட்டு வந்தா கொஞ்சம் மிச்சம் உடம்புலயே தங்கும். அதோட மறுபடி போனா மிச்சத்து மேல மிச்சம் ஏறும். அதனாலதான் நடுவுல மணிக்கணக்கா சும்மா உக்காரணும். அந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் இது.” மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியைத் தட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் இருந்தன. “பங்குப் பெட்டி. ஒரு குழாய் முக்குளிக்கிறவர் கைக்கு, இன்னொண்ணு கயிறு பிடிக்கிறவர் கைக்கு. ரத்தம் கலக்காதுங்க. நடுவுல சவ்வு இருக்கு. வாயு மட்டும்தான் தாண்டும்.”

“நேரா மிசினுக்கே குடுத்துட்டா என்ன சார்? இவனுக்கு எதுக்கு?” என்றான் இன்னாசி, தொம்மையின் தோளில் கை போட்டபடி.

“செஞ்சு பார்த்தாச்சுங்க. மிசின் ரத்தத்துல ஓடுறதை மட்டும்தான் எடுக்குது. மூட்டுலயும் கொழுப்புலயும் பதுங்கினது வரமாட்டேங்குது. அதை இழுக்க அதே மாதிரி மூட்டும் கொழுப்பும் உள்ள ஒண்ணுதான் வேணும்.” கொஞ்சம் தயங்கினார். “மனுச உடம்பு மாதிரி ஒரு பஞ்சு இன்னும் செய்யலைங்க.”

பிறகு இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை எடுத்து, அடியில் துளையிட்டு, ஒரு குழாயால் இணைத்துக் காட்டினார். ஒன்று நிறைந்திருந்தது. மற்றது காலி. நிறைந்ததில் தண்ணீர் இறங்கியது, காலியில் ஏறியது, இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன.

“சமமானதும் பெட்டியில பச்சை எரியும். ரெண்டு பேருக்கும் ஆபத்தில்லாத அளவு. அவ்வளவுதான்.”

“மச்சானுக்கு வர்ற ஏப்பத்தை நான் விடணும், அவ்வளவுதானே?” என்றான் தொம்மை.

நிறைந்த புட்டி முக்குளிக்கிறவன், காலிப் புட்டி மேலே கயிறு பிடிக்கிற கரையாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? கயிறு பிடித்து நிற்கிறவன் உடம்பில் வாயு எங்கிருந்து வரும்?

முகமூடிக்குள் பேசக் கருவி கொடுத்திருந்தார்கள். தூண்களின் முனகலில் அதில் ஒன்றும் கேட்காது. அதனால் பழைய கயிறே நிலைத்தது. நில், இறங்கு, வா என்று ஏழெட்டுக் கயிற்றுக் குறிகளை அச்சடித்து நிறுவனம் ஒரு தாள் கொடுத்தது. படகில் அது வடை மடிக்கப் போயிற்று. அவர்களுக்குத் தெரிந்த குறி ஒன்றுதான்: மேலிருந்து கயிறு அசைந்தால், போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு மேலே வா.

“மாப்ள கை இழுத்துச்சுன்னா சாத்தான் கால்ல தொங்கினாலும் உதறிட்டு வந்துருவேன்” என்பான் இன்னாசி.

பெட்டி வந்த பிறகு ஒருவன் ஒரு நாளில் ஒரு தடவை இறங்கிய இடத்தில் மூன்று தடவை இறங்கினான். ஊரில் மாடிகள் எழும்பின. தம்பி உள்ள பெண்களுக்கு மாப்பிள்ளைகள் தேடி வந்தார்கள். ஒற்றையாகப் பிறந்தவள் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், “கயித்துக்கு ஆளில்லையே” என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பெண்களாக அமைந்த பையன்களைத் தெருவில் கேலி செய்தார்கள்: “லேய் பஞ்சு, ஒனக்கு எத்தனை புட்டி?”

தொம்மைக்கு இரண்டு அக்காமார். மூத்தவள் சலேத், இளையவள் பிரகாசி. பிரகாசியின் புருஷன் சூசையும் காற்றாலையில்தான் முக்குளித்தான், வேறு படகில். அந்தப் படகுக்குத் தனி மேசை, தனி ஆள். அங்கே கயிறு பிடிக்கத் தன் சித்தப்பா மகன் வருகிறான் என்று பிரகாசி சொல்லியிருந்தாள். சலேத் அதை நம்பினாள்.

மழைக்காலம் முடிந்த சமயம். தொம்மை நொண்ட ஆரம்பித்தான். பாசியில் வழுக்கிவிட்டது என்றான். தோள் வலிக்கிறது என்று கையைத் தூக்கமாட்டான். ஒருநாள் படகு ஓரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு மீன் அலசிக்கொண்டிருந்தான். மேல்கைத் தோலில் ஊதாவும் சிவப்புமாக, வலையின் நிழல் விழுந்தது போல் கோடுகள். சலேத் அருகில் போய் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். இன்னாசியோடு பங்கு போடுவது எப்போதும் வலது கையில்தான்.

“இடக்கையில என்னல இது?”

“கொசு கடிச்சிட்டு.”

“கொசு வரிசையா நின்னா கடிக்கும்?”

அவன் மீனைப் பார்த்தான். பிறகு சொல்லிவிட்டான். விடியலில் சூசை படகு, அது முடிந்ததும் வள்ளத்தில் ஏறி இந்தப் படகு. சித்தப்பா மகன் ஒரு வாரத்திலேயே வலி தாங்காமல் ஓடிவிட்டானாம்.

“சின்னக்காவும் எனக்கு அக்காதானே” என்றான்.

“ரெண்டு படகு திட்டத்துலயும் ஒரே பேரு எப்பிடில ஏறிச்சு?”

“எம்பேரு எங்க இருக்கு? ‘பெண்சாதியின் சகோதரன்’னுதான் போட்டிருக்கு. ரெண்டு படகுலயும் அது உண்மைதானே பெரியக்கா.”

சலேத்தே எத்தனையோ காலையில் அந்த இரண்டு சொற்களைத் திரையில் பார்த்து, சரி என்று தட்டியவள்தான். அந்த இடத்தில் வாயு எவ்வளவு என்று திட்டம் ஒருநாளும் கேட்டதில்லை. கரையாள் எப்போதும் காலிப் புட்டி.

அன்று மத்தியானமே பிரகாசி வீட்டுக்குப் போனாள். பிரகாசிக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அம்மியடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, அவன் உடம்பு தாங்காதுட்டி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நானா கூப்பிட்டேன்? அவனா வந்து நின்னான்.” பிரகாசி நிமிரவில்லை. “ஒன் புருசன் கயித்த விட்டுட்டு என் புருசன் கயித்த மட்டும் பிடின்னு நான் அவன்ட்ட சொன்னேனா? நீயும் சொல்லாத.”

“மேல சொன்னா அவனுக்கு ரெஸ்ட் குடுப்பாவ.”

“அவனுக்குக் குடுப்பாவ. இவருக்கு? கரையாள் இல்லாதவன அன்னைக்கே இறக்கிவிட்டுருவானுவ. அப்புறம் இவரு கள்ளச் சங்குக்குத்தான் போவாரு. அப்பா கிடந்த பாயி இன்னும் பரண்ல இருக்கு, எடுத்துத் தரட்டா?”

வெங்காயத்தின் காரமா வேறெதுவுமா, இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. சலேத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. புருஷன் குறைவாகக் கொண்டுவந்தால் தம்பி குறைவாக வாங்குவான். அவ்வளவுதானே? அன்றிலிருந்து இன்னாசிக்கு மேல்தண்ணீர் வேலையாகப் பார்த்துப் பொறுக்கினாள். நேரத்தை வெட்டினாள். ஆழமான வேலையை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது பாடம். அவள் அதை மாற்றி, லேசானதை முதலில் வைத்தாள். தம்பி விடியலில் சுமந்து வந்தது கொஞ்சம் ஆறட்டும், கனமானது பிறகு வரட்டும் என்று.

“என்ன திட்டக்காரி, என்னைக் குளத்துல குளிக்க அனுப்புத மாதிரி அனுப்புத?” என்று இன்னாசி கேலி செய்தான்.

“பேசாம போங்க. திரையில என்ன வருதோ அதான்” என்றாள்.

அந்த நாள் வெயில் கடுமையாக இருந்தது. முதல் இறக்கம் லேசானது. இன்னாசி சிரித்துக்கொண்டே வந்தான். தார்ப்பாய் நிழலில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து கையை நீட்டினார்கள். பெட்டி முனகியது. பச்சை எரிய வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

“உடம்பு என்னவோ பாரமா இருக்குட்டி” என்றான் இன்னாசி.

“காலையில தின்ன புட்டு அப்பிடி” என்றான் தொம்மை.

பச்சை எரிந்தது. அடுத்த வேலையைச் சலேத்தால் தள்ளிப்போட முடியவில்லை. ஒரு தூணின் அடியில் ஆணிகள் தளர்ந்துவிட்டன, இன்றே முறுக்கியாக வேண்டும் என்று திருமாறன் வானொலியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். முதல் இறக்கம் லேசாக இருந்ததால் திட்டம் தாராளமாக நேரம் கொடுத்தது. வரும் வழியில் ஒரே ஒரு சின்ன நிறுத்தம் போதும் என்றது. இன்னாசி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நுனியைத் தொம்மையிடம் கொடுத்தான். எப்போதும் போல் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குதித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மேசைக்குப் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. சலேத் திரும்பிப் பார்த்தாள். தொம்மை ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். முழங்காலை மடக்கினான், நீட்டினான். தோளை வட்டமாகச் சுழற்றினான்.

“பெரியக்கா, வலியே இல்ல! எங்கயுமே இல்ல! எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? மச்சான் ரத்தம் மருந்து ரத்தம்தான் போ!”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. தன் திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தாள். சிரித்தபடியே திரைக்குத் திரும்பியவளின் கை அந்தரத்தில் நின்றது.

வலி எங்கே போனது?

கொட்டகையில் பார்த்த இரண்டு புட்டிகள் கண்முன் வந்தன. தண்ணீருக்கு முக்குளிக்கிறவன் யார், கரையாள் யார் என்று தெரியாது. நிறைந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான். விடியலில் சூசையிடமிருந்து வாங்கி நிறைந்து வந்தவன் தொம்மை. அவள் பார்த்துப் பார்த்துக் குறைத்து அனுப்பி, காலியாகத் திரும்பி வந்தவன் இன்னாசி. அவள் எவ்வளவு குறைத்தாளோ அவ்வளவும் தொம்மையின் வாயுவுக்கு அங்கே இடமாகியிருந்தது. அந்தப் பாரத்தோடுதான் அவன் இப்போது அடிக்குப் போயிருக்கிறான். திட்டத்துக்கு அது தெரியாது. அவனுக்கும் தெரியாது.

“தொம்ம! அவர நிக்கச் சொல்லு! மேல வர வேண்டாம்னு சொல்லு! அங்கயே நிக்கணும், ரொம்ப நேரம் நிக்கணும்!”

தொம்மை கயிற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “எப்பிடிக்கா?”

“அந்தத் தாள்ல இருந்துச்சே…”

தாள் எங்கே? ஒரு இழுப்பா, மூன்றா? முகமூடிக் கருவியை எடுத்துக் கத்தினாள். தூணின் முனகல்தான் திரும்பி வந்தது. தொம்மை கயிற்றை மெல்ல, மிக மெல்ல அசைத்தான். மெதுவாக இழுத்தால் மெதுவாக வா என்று புரியும் என்று நினைத்தானோ என்னவோ. அசைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கயிறு தளர்ந்தது. சுருள் சுருளாக அவன் காலடியில் சேர ஆரம்பித்தது. இன்னாசி வந்துகொண்டிருந்தான். அந்தச் சின்ன நிறுத்தத்தில்கூட நிற்கவில்லை.

“இழுக்காதல! இழுக்காத!”

“நான் இழுக்கலக்கா! அவிய வாராவ!”

தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை தெரிந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கினான். “என்ன மாப்ள, யாருக்கு என்ன? அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?” ஏணியில் ஏறி வந்துவிட்டான். தொம்மை அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டான். பெட்டியை மாட்டுங்கள் என்று சலேத் சொல்லி முடிப்பதற்குள் இன்னாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“இடுப்பச் சுத்தி இறுக்குது. கயித்த அவுத்துவிடு மாப்ள.”

“அவுத்துட்டேன் மச்சான்.”

“இல்லல, இறுக்குது. அவுத்துவிடு.”

அப்படிச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கரையில் அழுத்த அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பல நாள் வைத்துப் பார்த்தார்கள். வாயு போயிற்று. அது கெடுத்த தண்டுவடம் திரும்பவில்லை. கால்களைக் கிள்ளினால் அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு எடுத்துவந்து ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள்.

தொம்மை வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். தன் வலது கையை இன்னாசியின் கைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தான், பெட்டியடியில் வைப்பது போல. “திரும்ப எடுத்துக்கிட முடியாதா மச்சான்?” என்றான்.

“நீ இழுத்த, நான் வந்தேன்” என்றான் இன்னாசி. “அதுல தப்பு என்ன இருக்கு மாப்ள? இழுத்தா வரணும்.”

அதைவிட அவன் ஓர் அறை அறைந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்துத் தொம்மை திருப்பூருக்குப் போய்விட்டதாக ஆள் வந்து சொன்னான். இரண்டு கயிறுகளையும் சலேத் வீட்டுச் சுவரில் அடித்திருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். பெரியக்காவுடையது, சின்னக்காவுடையது.

திருமாறன் ஒரு பையில் சாத்துக்குடியோடு வந்தார். பிரகாசியும் அன்று இன்னாசியைப் பார்க்க வந்து, சேலையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கயிறு பிடிக்க ஆளில்லாமல் சூசை பல வாரமாகக் கரையில்தான் இருந்தான். முந்தின நாள் சங்குக்காரர்களோடு துறையில் நின்று பேசிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்திருந்தது.

“நான் மேல சண்டை போட்டேனுங்க” என்றார் திருமாறன். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறார் என்று சலேத்துக்குத் தெரிந்தது. “பெட்டியை நிறுத்தச் சொன்னேன். கேக்கலைங்க. எந்தப் பக்கம் போகுதுன்னு காட்ட அம்புக்குறி மட்டும் வச்சிருக்காங்க. கரையாளை அளந்து பார்க்காம இனி மாட்டமாட்டாங்க. பேர் போட்டுத்தான் பதிவு. இனிமே இந்தத் தப்பு நடக்காது.”

இன்னாசி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னொண்ணு. மச்சினன்தான் வேணும்கிற விதியையும் எடுத்துட்டாங்க. யாரு வேணும்னாலும் இருக்கலாம். பொம்பளைங்களும் வரலாம்.” திருமாறன் பிரகாசி பக்கம் திரும்பினார். சொல்லத்தான் வந்தாரா, சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தாரா, குரல் இறங்கியிருந்தது. “சூசையை நாளைக்குள்ள சேர்க்கலைன்னா பேரை அடிச்சுருவாங்க. உங்க வீட்டுக்காரர் கயித்தை யாருங்க பிடிப்பாங்க?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

போர்த்திய சேலைக்குள் பிரகாசியின் கை வயிற்றின் மேல் போவதைத் திருமாறன் கவனிக்கவில்லை. சலேத் கவனித்தாள். குழாயால் இணைந்த புட்டிகள் மறுபடியும் அவள் கண்முன் வந்தன. நிறைந்தது ஒன்று, காலியானது ஒன்று, அதற்கும் அப்பால், கைக்குள் அடங்குகிற மாதிரி மிகச் சின்னதாக ஒன்று. அதைப் பெட்டி அளக்காது. அதன் பெயர் எந்தத் திரையிலும் இல்லை.

“பிரகாசி, வேண்டாம்ட்டி” என்றாள். “நான் வாரேன். நான் பிடிக்கேன்.”

“நீ வந்தா என்னை யாருட்டி புரட்டிப் போடுவா?” என்றான் இன்னாசி, சுவரைப் பார்த்தபடியே. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போல் கேட்டான்.

சலேத் அவனுடைய அசையாத கால்களைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தூரத்துத் தூண்களின் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிரகாசி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆணியில் தொங்கிய இரண்டு கயிறுகளில் தன்னுடையதை எடுத்தாள். சுருளைத் தோளில் மாட்டி, அதன் மேல் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். அக்காளையும் பார்க்கவில்லை, கட்டிலையும் பார்க்கவில்லை. வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, துறைக்குப் போகிற தெருவில் இறங்கி நடந்தாள்.